பெரிய டாக்டரிடம் வந்தவர்

விலங்குகளுக்கு ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே, கூண்டுக்குள் ஒரு பூனை காத்திருந்தது. பக்கத்தில் சீரகம் என்ற நாய், பின்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. அதை வளர்க்கும் தணிகாசலம் சுவருக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"உனக்கு என்ன உடம்புக்கு?" என்றது பூனை.

"எனக்கில்லை, எங்க ஐயாவுக்கு. பெரிய டாக்டரைத்தான் பார்க்கணும்னு எங்க தெரு டாக்டர் சொன்னதிலிருந்து இப்படித்தான் நடக்கிறார். காலையில எனக்குச் சோறு வைக்கவே மறந்துட்டார். தானும் சாப்பிடலை. செருப்பைக்கூடக் கால் மாத்திப் போட்டிருக்கார் பார்."

பூனை அந்தச் செருப்பைப் பார்த்தது. நாயின் முன்னங்காலில் ஊசிக்காக மழித்திருந்த இடத்தையும் பார்த்தது.

கதவு திறந்தது. நர்ஸ் வந்து சீரகத்தின் கயிற்றைக் கழற்றித் தணிகாசலத்திடம் கொடுத்தார்.

"முதல்ல நான் போய் டாக்டர் எப்படின்னு பார்த்துட்டு வர்றேன்," என்றது நாய். "ஐயா ரொம்பப் பயப்படுறார். அதுவரைக்கும் நீ கொஞ்சம் பார்த்துக்கோ."

கதவு மூடியது. தணிகாசலம் வெறும் கயிற்றைப் பிடித்தபடி கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டு ஆட்களைக்கூடத் தொடவிடாத அந்தப் பூனை, கம்பி இடுக்கு வழியே காலை நீட்டி அவர் முழங்கால்மேல் வைத்தது.