சூன்யக் கல்லுக்குக் குங்குமம்

செம்பாக்கம் ஏரிக்கரையில் காலனி சங்கத்தார் கட்டிய தத்துவப் பூங்காவின் சிமெண்டுப் பாதை மத்தியான வெயிலில் கொதிக்கிறது. ஆசை, துன்பம், தெளிவு என்று திருப்பத்துக்குத் திருப்பம் பலகை நட்டிருக்கிறார்கள். கன்னியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. விடுவிடுவென்று எல்லாவற்றையும் தாண்டி, நடுவில் நிற்கும் கருங்கல்லுக்குக் குங்குமத்தை அப்புகிறாள். ரோட்டில் பஸ் உறுமும்போதெல்லாம் ஆஸ்பத்திரி பஸ்ஸோ என்று திரும்பிப் பார்க்கிறாள். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் பிரஸ் மிஷின் நசுக்கிய புருஷன் கையை விட்டுவைக்கலாமா, எடுத்துவிடலாமா என்று சாயங்காலம் டாக்டர் சொல்லப்போகிறார்.

"யக்கா, இன்னா பண்ணிகினு கீற?" வாளியும் ஈரத்துணியுமாக வாட்ச்மேன் சின்னப்பன் ஓடி வருகிறான். "இது சாமி இல்ல, சூன்யமாம். ஒண்ணுமே இல்லன்னு காட்டறதுக்கு வெச்ச கல்லு. தெனம் தொடச்சித் தொடச்சி பேஜாரா கீது."

"ஒண்ணுமே இல்லாததுக்கு இத்தினி பெரிய கல்லு எதுக்குப்பா?" அவள் கற்பூரத்தைக் கல்லடியில் வைக்கிறாள். "கைய எடுத்துட்டா அந்தாளு இன்னாத்தப் புடிச்சி வேலை செய்வாரு? யார்கிட்டயாவது சொல்ல வேணாவா?"

துணியிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டுகிறது. சங்கத்துச் செக்ரட்டரி சார் வரும் நேரம். கேட்டைப் பார்க்கிறான், கல்லைப் பார்க்கிறான், கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொள்கிறான்.

"எந்தக் கை?"

"சோத்துக்கை."

அவள் கிழித்த தீக்குச்சியை ஏரிக்காற்று அணைக்கிறது. அவன் துணியை வாளிக்குள் போட்டுவிட்டு, காற்று வரும் பக்கமாகக் குந்தி, கற்பூரத்தைச் சுற்றி இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துப் பிடிக்கிறான்.

"சீக்கிரம் கொளுத்து" என்கிறான்.