வலது தூண்

கோழியிறகைச் சாயத்தில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பளிங்கு ரேகையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

வரவில்லை.

ரேகை என்னவோ விழுந்தது. தூண் பளிங்காகவில்லை. சாயம் பூசிய சிமெண்டாகவே நின்றது.

கணப்பு அடுப்பின் வலது பக்கத்துத் தூணில் மட்டும் எப்படி வந்தது? சாம்பல் ரேகை ஒன்று அடியிலிருந்து கிளம்பி, பாதியில் மனம் மாறி வளைந்து, விளிம்பைத் தாண்டி ஓடியது. என்ன கை அது!

ஜெசிந்தாவின் கை.

லூர்துவின் முதல் சம்சாரம். இவள் இரண்டாவது. செத்து வருஷங்களாகிவிட்டன. "இந்த ஃபயர் பிளேஸ் ஜெசிந்தாம்மா பெயிண்ட் பண்ணதுங்க" என்று, வேலைக்கு வந்த அன்றே பங்களா காவல்காரர் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம், மனுஷன்.

லூர்து சுரண்டியை அவள் கையில் கொடுத்தான்.

"இடது தூணுல ஓதம் ஏறிடுச்சு. மொத்தமா சுரண்டிட்டுப் புதுசா போடு. வலது தூணத் தொடாத."

வெளியே போனவன், அவள் சுரண்டி முடிக்கும்வரை உள்ளே வரவே இல்லை.

தொடாதே. ஏன், தொட்டால் கரைந்துவிடுவாளோ?

செத்தவளோடு என்ன மல்லுக்கட்டு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வயிறு கேட்கவில்லை. எரிந்தது. அவன் ஒருநாளும் ஜெசிந்தாவைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள்.

இப்போது லூர்து டீ வாங்கப் போயிருந்தான்.

உப்புத்தாளை எடுத்தாள். இரண்டு தூணையும் தானே போட்டுவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவார்கள்?

அந்த வளைவிலேயே வைத்துத் தேய்த்தாள். மேலே பூசிய வார்னிஷ் போனது. ரேகை போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ரேகை உள்ளேயும் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றது. குன்னூரில் எதுதான் சில்லென்று இல்லை என்று இத்தனை நாள் யோசிக்காமல் விட்டிருக்கிறாள்.

கல். நிஜப் பளிங்கு.

அடச்சே! ஒரு கல்லைப் பார்த்தா இவ்வளவு நாள் வெந்தாள்? சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள்.

லூர்து டீயோடு வாசலில் நின்றான். தூணைப் பார்த்தான். அவள் கையிலிருந்த உப்புத்தாளைப் பார்த்தான்.

"அது கல்லு," என்றான். "இந்தப் பக்கத்துத் தூணு எப்பவோ உடைஞ்சு, சிமெண்ட்ல கட்டினாங்க. அந்தக் கல்லப் பாத்துத்தான் அவ இதப் போட்டா."

இடது தூணைக் காட்டினான்.

சிரிப்பு நின்றது.

"ஏங்க சொல்லல?"

டம்ளரை அவளிடம் நீட்டினான்.

"சொல்லியிருந்தா நீ மெதுவா சுரண்டியிருப்ப. எனக்குத் தாங்கியிருக்காது."

பிரஷ்களை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனான்.

டீயை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். சுரண்டியதைக் கட்டிவைத்த சாக்கு அங்கேதான் கிடந்தது. அவிழ்த்துத் தரையில் கொட்டினாள்.

ஒரு கோடு. ஒரே ஒரு கோடு கிடைத்தால்கூடப் போதும், எப்படித்தான் போட்டிருக்கிறாள் என்று பார்த்துவிடலாம்.

விரலால் அளைந்து அளைந்து தேடினாள்.

எல்லாம் தூள். ஒரு செதில்கூட மிச்சமில்லை.

அவ்வளவு நன்றாகச் சுரண்டியிருந்தாள்.