நம்ம புள்ளைக்கும் இப்படித்தான்

மரியராஜ் பொய் சொல்கிறார் என்பதை செல்வக்குமார் நாலாம் நாள்தான் கண்டுபிடித்தான்.

செல்வக்குமார் பேரையூர்க்காரன். கிணத்து மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். மகள் ஏழரை மாசத்திலேயே பிறந்துவிட்டாள். ஆயிரத்து முன்னூத்தி நாப்பது கிராம். மதுரைக்குக் கொண்டுவந்து, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மூணாவது மாடி ஐ.சி.யு.வில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

மூணாம் நாள் காலையில் நர்ஸ் வெளியே வந்து, "எடை எண்பது கிராம் குறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வக்குமார் வாசலில் கிடந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிள்ளை இருக்கிறதே ஒரு கையளவு. அதிலும் குறைந்தால் என்ன மிஞ்சும்?

பக்கத்து நாற்காலிக்காரர்தான் பேச்சுக் கொடுத்தார். பேர் மரியராஜ், கோச்சடை, பள்ளிக்கூடத்தில் கிளார்க்.

"எடை கொறைஞ்சிருச்சாக்கும்?"

செல்வக்குமார் தலையாட்டினான்.

"நம்ம பயலுக்கும் இப்படித்தான் தம்பி. மூணாம் நாள் நூறு கிராம் போயிருச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உடம்புல இருக்க நீர் வத்தும், பெறகு ஏறும்னு டாக்டர் சொன்னாரு. அதே மாதிரி பன்னெண்டாம் நாள் பழைய எடைக்கு வந்துட்டான். நீங்க மொதல்ல போயி ஒரு டீயக் குடிங்க."

டீ தொண்டையில் இறங்கியது. கீழ் வார்டில் ஆபரேஷன் தையலோடு படுத்திருந்த மனைவி ரோகிணியிடம் போய் அதை அப்படியே சொன்னான். பிரசவத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

மறுநாள் அவன் மாடி ஏறி வரும்போது, மரியராஜ் ஓர் ஆட்டோ டிரைவரின் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார். அழகுபாண்டி என்ற அந்த டிரைவரின் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை.

"நம்ம பொண்ணுக்கும் இப்படித்தான் மாப்ள. அஞ்சு நாள் நீல லைட்டுல போட்டு வச்சாக. ஆறாம் நாள் தெளிஞ்சு வந்துட்டா."

நேற்று பையன், இன்று பொண்ணா? செல்வக்குமாருக்கு உறைத்தது. சாயங்காலம் ஓர் அம்மாவிடம், "நம்ம ரெட்டைப் புள்ளைகளும் இப்படித்தாம்மா, பால் குடிக்கத் தெரியாம முழிச்சுதுக" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததையும் கேட்டான்.

ரெண்டே நாளில் மனுசனுக்கு நாலு பிள்ளை.

அப்படியென்றால் எடை ஏறும் என்றதும் புளுகுதானே? அதை நம்பி ரோகிணிக்கு வேறு தைரியம் சொல்லியாயிற்று. செல்வக்குமார் அவரை மாடிப்படியில் மறித்தான்.

"அண்ணே, உங்களுக்கு எத்தனை புள்ளைக?"

"ஒரே பய."

"அவனுக்கு எடை கொறைஞ்சதா, காமாலையா, இல்ல அவன்தான் ரெட்டைப் புள்ளையா?"

மரியராஜ் படியிலேயே உட்கார்ந்தார்.

"கேட்டுட்டீகளாக்கும்."

"பயந்து கெடக்கிறவன்கிட்ட இப்படியாண்ணே பொய் சொல்றது?"

"நடந்தது அம்புட்டும் நெசம் தம்பி. எடை கொறைஞ்சது உசிலம்பட்டிப் புள்ளை. காமாலை வந்தது சோழவந்தான் வெத்தலைக் கொடிக்காக்காரர் மக. ரெட்டைப் புள்ளைக திருமங்கலம். எல்லாரும் அந்த நாற்காலியில உக்காந்து அழுதவுகதான். எல்லாரும் புள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போனதை என் கண்ணால பார்த்தேன். நம்ம புள்ளைன்னு சொன்னதுதான் பொய்."

"அதை உள்ளபடியே சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிப் பார்த்தேன். யாரோ ஒருத்தர் புள்ளைக்குச் சரியாப்போச்சுன்னா காதுல ஏற மாட்டேங்குது. பக்கத்துல உக்காந்திருக்கவன் புள்ளைக்குன்னு சொன்னாத்தான் ஏறுது."

செல்வக்குமாரின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மெதுவாகக் கேட்டான்.

"உங்க பயலுக்கு என்னண்ணே?"

"நுரையீரல் வளரல. மிஷின்லதான் மூச்சு. ரெண்டு தடவை குழாயை எடுத்துப் பார்த்தாக. தாங்கல. திரும்ப வச்சுட்டாக. இன்னிக்கு நாப்பத்தோராம் நாள்."

வேறு யாரோ பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"இப்படி இருந்து, சரியாகி வீட்டுக்குப் போன புள்ளைக..."

"நான் வந்ததுலருந்து ஒண்ணும் பாக்கல தம்பி."

ஆட்கள் படியேறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். செல்வக்குமார் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்க அண்ணன் மகனுக்கும் இப்படித்தாண்ணே. ரெண்டு மாசம் மிஷின்லயே கெடந்தான். மூணு தடவை குழாயை எடுத்து எடுத்து வச்சாக."

மரியராஜ் நிமிர்ந்தார். இத்தனை நாளும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் முதல் தடவையாகக் கேட்டார்.

"பெறகு?"

"நாலாந்தடவை எடுத்தப்ப தானா மூச்சு விட்டுட்டான். இப்ப ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான். ஓடுனான்னா ஒருத்தராலயும் பிடிக்க முடியாது."

"பேரு என்ன?"

"முத்துக்குமரன்."

மரியராஜ் அந்தப் பெயரை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். எழுந்தார்.

"இதை எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிட்டு வாரேன் தம்பி" என்றவர், ரெண்டு ரெண்டு படியாக மேலே ஏறினார்.

செல்வக்குமார் அவனைப் பெற்றவர்களுக்கு ஒரே பிள்ளை.