கூரையேறிய கணவன்

லாரியிலிருந்து இறங்கிய கான்கிரீட் ஓடுகள் ஒவ்வொன்றிலும் வேலாயுதத்தின் பெயர் பதிந்திருந்தது. போன மாதம் எரித்த அவன் உடலின் சாம்பலைச் சிமெண்டோடு கலந்து, புதுச் சட்டப்படி அவன் வீட்டுக்கே கூரையாக அனுப்பியிருந்தார்கள். அவன் மனைவி அஞ்சுகம் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"சிமெண்ட் மிச்சம், ஆலைப் புகையும் கம்மிம்மா. வேலூர் வெயிலுக்கு வீடு ஜில்லுன்னு இருக்கும். கூரையில விழுற மழைத்தண்ணியப் புடிச்சிக் குடிக்கவே செய்யலாம்," என்றார் லாரியோடு வந்த மேற்பார்வையாளர் லாரன்ஸ்.

குடிப்பதா? சாராய நெடியோடு தன் முகத்தில் காறித் துப்பிய புருஷனின் வாய் அஞ்சுகத்துக்கு நினைவு வந்தது. அவள் ஓரமாக ஓடி வாந்தியெடுத்தாள்.

"கட்டுன நாள்லேர்ந்து அந்தாளுக்குக் கீழதான் கெடந்தேன் சார். செத்தப்புறமும் கெடக்கணுமா?"

லாரன்ஸ் தலைகுனிந்தார். "திருப்பி எடுத்துட்டுப் போக முடியாதும்மா. ஊருக்குள்ள எங்கயாவது போட்டாகணும்."

"தெருக்கோடி கக்கூஸுக்குக் கூரையே இல்ல. மழைன்னா பொம்பளைங்க கொடை புடிச்சிக்கிட்டு ஒக்கார்றோம். அங்க போடுங்க."

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. தன் வீட்டுப் பழைய தகரக் கூரையின் அனலில் வியர்த்தபடியே அஞ்சுகம் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினாள். பிறகு உட்கார்ந்து வயிறாரச் சோறு தின்றாள்.