நாற்பத்தேழாம் டோக்கன்

அடுத்த முப்பது வருஷத்துக்கு ஊருக்கு எப்படிப்பட்ட சாலை வேண்டும் என்று கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போவதாக, சாலையோரப் புளியமரத்தில் நோட்டீஸை ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஒருவன் வந்து, மரங்களின் பட்டையைச் செதுக்கிச் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதினான்.

"டோக்கன் கொடுத்துட்டாங்கப்பா! எனக்கு நாற்பத்தேழு" என்றது புளியமரம்.

"எனக்கு நாற்பத்தெட்டு" என்றது பக்கத்து வேம்பு. "இத்தனை வருஷத்துல இப்பவாச்சும் நம்மகிட்ட கேக்கத் தோணிச்சே."

கூட்டம் புளியமர நிழலில்தான் நடந்தது. வந்தவர்கள் டீ குடித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், கலைந்தார்கள்.

"மனுஷங்க முறை முடிஞ்சுது. அடுத்து நாமதான்" என்ற புளியமரம், தான் சொல்லவேண்டியதை மனப்பாடம் பண்ணத் தொடங்கியது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு நிழல் வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து லாரி வந்தது. ஒருவன் பட்டியலைப் பார்த்து, "நாற்பத்தேழு!" என்று கத்தினான்.

புளியமரம் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது. மிஷின் ரம்பத்தின் இரைச்சலில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

"நாற்பத்தெட்டு!"

விழுந்து கிடந்த புளியமரத்தைப் பார்த்த வேம்பு வாயே திறக்கவில்லை.

ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.