எட்டு மாதப் பாடம்

விமல்ராஜின் வலதுகைச் சுண்டுவிரல் இரண்டாவது அடியில்தான் ஒடிந்தது. முதல் அடிக்கு அவன் கையை இழுத்துக்கொண்டதில் சுத்தியல் மேசையில் பள்ளம் போட்டிருந்தது.

"கத்தாதீங்க மாஸ்டர்," என்றான் கிருஷ்ணப்பன். "சோத்துக்கை சுண்டுவிரலு கிட்டாருக்கு வேலைக்கு ஆவாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? மீதி ஒம்போதும் அப்புடியே இருக்குது."

கத்தினாலும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பாகலூர் ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஹாரனடித்துக்கொண்டு போயின, கீழே பட்டறையில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. மாடியில் இருந்த கிட்டார் வகுப்பின் கதவை உள்ளே தாழிட்டுவிட்டுத்தான் கிருஷ்ணப்பன் வேலையை ஆரம்பித்திருந்தான்.

போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். நாற்பத்தாறு வயதில் ஒரு மலிவு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "வாசிக்க வராட்டியும் போவுது மாஸ்டர், அந்த அஞ்சு கோட்டு மியூசிக் எழுத்தைப் படிக்கக் கத்துக் குடுங்க. எனக்கு ஒரு தம்பி இருந்தான், அவனுக்கு இதுல பைத்தியம்" என்றான். தம்பி கதையெல்லாம் விமல்ராஜ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெஷினில் கை விடுகிற ஆளுக்கு மியூசிக் ஒரு கேடா என்று பிள்ளைகள் முன்னால் சிரித்தான். கிருஷ்ணப்பன் எட்டு மாதமாக ஒரு வகுப்பைக்கூட விடவில்லை.

போன ஞாயிறு சாயங்கால வகுப்பில் எல்லோரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். விமல்ராஜ் ஏதோ முணுமுணுத்தபடி நடுவே நடந்துகொண்டிருந்தான். கிருஷ்ணப்பன் மட்டும் கிட்டாரை மடியில் போட்டுவிட்டு, பிரமை பிடித்தவன் மாதிரி மாஸ்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்த கோபத்தில் ஸ்டீல் ஸ்கேலால் அவன் விரல் முட்டியில் நாலு போட்டான் விமல்ராஜ். வாண்டுகள் விழுந்து விழுந்து சிரித்தன.

அதற்குத்தான் இந்த வெறி என்று இப்போது விமல்ராஜுக்குப் புரிந்தது.

"தப்புத்தான் கிருஷ்ணப்பா! சின்னப் பசங்க முன்னாடி உன்ன அடிச்சிருக்கக் கூடாது. கால்ல வேணும்னாலும் விழறேன், விரல மட்டும் விட்ரு!"

இன்னும் பத்து நாளில் பெங்களூரில் ரிக்கார்டிங். பதினைந்து வருஷம் அடுத்தவன் பாட்டையே வாசித்துத் தேய்ந்தவனுக்கு, தன் பெயர் போட்டு வரப்போகிற முதல் பாட்டு. விரல் போனால் எல்லாம் போச்சு.

கிருஷ்ணப்பன் கிட்டாரை எடுத்து மாஸ்டர் மடியில் வைத்தான். ஒரு தாளை ஸ்டாண்டில் செருகினான்.

"இத வாசிங்க. ஒரு தப்புக்கு ஒரு விரலு."

கோணல்மாணலான பென்சில் எழுத்து, கிருஷ்ணப்பனுடையதேதான். முதல் வரியைப் பார்த்ததுமே விமல்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ரிக்கார்டிங் பாட்டு! இன்னும் ஒருவருக்கும் வாசித்துக் காட்டாத பாட்டு. திருட்டுப்பயல், ஆளில்லாத நேரத்தில் டிராயரைக் குடைந்து பார்த்து எழுதியிருக்கிறான் என்று பல்லைக் கடித்தான். ஆனால் சுத்தியல் தலைக்கு மேல் நின்றது. வாசிக்க ஆரம்பித்தான்.

இரண்டாவது வரியில் சுத்தியலின் கட்டை புருவத்தில் இறங்கியது.

"அங்க எஃப் ஷார்ப்பு. நீங்க வெறும் எஃப் வாசிச்சீங்க. மொத தப்புங்கறதால விரல விட்டேன். மறுபடியும் ஆரம்பிங்க."

இந்த மண்டூகத்துக்கு இவ்வளவு படிக்க வந்துவிட்டதா என்று அந்த வலியிலும் விமல்ராஜ் ஆச்சரியப்பட்டான். ரத்தம் இரண்டு கண்களிலும் வழிந்தது, தாள் மங்கிப்போனது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். அவனுக்குத் தாள் தேவைப்படவில்லை.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தான். பாட்டு மேலே ஏறியது, சுற்றியது, தாய்வீட்டுக்குத் திரும்புகிற பெண் மாதிரி மெல்ல இறங்கிக் கடைசிச் சுரத்தில் வந்து நின்றது. ஒரு பிசகும் இல்லை.

விமல்ராஜ் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். சுத்தியல் மேசைமேல் கிடந்தது. கிருஷ்ணப்பன் அழுதுகொண்டிருந்தான்.

"முழுசா இன்னிக்குத்தான் கேக்கறேன் மாஸ்டர். ஒரு தப்பும் இல்ல."

"அப்ப... விட்ருவியா?"

கிருஷ்ணப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். உள்ளே கசங்கிய ஒரு தாள், அதே ஐந்து கோடுகள், ஓரமெல்லாம் பழுப்பேறிய ரத்தக்கறை. கீழ்ப்பாதி கிழிந்து போயிருந்தது.

"எந்தம்பி சந்தோஷு எழுதுனது. 'புதுசா ஒரு பாட்டு முடிச்சிட்டேண்ணா, மாஸ்டர் ஒருத்தரு கொண்டாந்து காட்டச் சொல்லியிருக்காரு'ன்னு செத்த அன்னிக்குக் காலையிலதான் போன் பண்ணான். சாயங்காலம் சாமல்பட்டி தண்டவாளத்துல கெடந்தான், இத மட்டும் கைக்குள்ள இறுக்கிப் புடிச்சிக்கிட்டு. தற்கொலைன்னு கேஸ மூடிட்டாங்க. இதுல இருக்கறதத்தான் அந்தத் தாள்ல பாத்து எழுதுனேன். போன வாரம் நீங்க இந்த மெட்ட முணுமுணுத்தப்பவே எனக்குப் பாதி புரிஞ்சி போச்சு."

விமல்ராஜ் ஸ்டாண்டில் இருந்த தாளைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அதை முழுதாகப் பார்த்தான்.

கிருஷ்ணப்பன் சுத்தியலைக் கையில் எடுத்தான்.

"அதுல நாலு வரிதான் இருக்குது மாஸ்டர், நீங்க ஏழு வரி வாசிச்சீங்க."