ஆறாவது மலையில் ஒரு கல்

சுனைத் தண்ணீரில் காலை வைத்ததும் அவளுக்கு ஒரு கணம் மூச்சு நின்றது.

அத்தனை குளிர்.

ஆறு மலை ஏறியாகிவிட்டது. விடியும்போது ஆரம்பித்த நடை. இப்போது உச்சி வெயில். நாலாவது மலையில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு பாறையோடு பாறையாகக் கிடந்தாள். திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தாள். இறங்கி வந்தவர்கள் எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொன்னார்கள்.

"பக்கந்தானுங்கம்மா. இன்னும் கால் மணி நேரம்."

நாலு மணி நேரமாக அதே கால் மணி நேரம்.

எதிரே கடைசி மலை, ஏழாவது. அதன் உச்சியில்தான் சாமி. மரம் இல்லை. நிழல் இல்லை. புல், பாறை, காற்று.

ஐம்பது வயது ஆகாத பெண்கள் இந்த மலை ஏறும் வழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து காத்திருந்தாள். அவள் கணவர் சென்னியப்பன் ஒரு சித்திரை விடாமல் ஏறினார். இறங்கி வந்து, காலுக்கு அவள் வெந்நீர் ஊற்ற ஊற்ற, உச்சியைப் பற்றிச் சொல்வார்.

"மேகம் காலுக்குக் கீழ போகுது புள்ள. கைய நீட்டுனா ஈரம் ஒட்டுது."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, சாமிதான்."

"சாமி எப்படி இருக்காருங்க?"

"நீயே ஒரு நா வந்து பாப்ப."

முப்பத்தொரு வருஷம் இதே பேச்சு.

போன தையில் அவளுக்கு ஐம்பது முடிந்தது. அதே தையில் அவருக்கு இரண்டு முழங்காலும் போயிற்று. இனிமேல் படி ஏறவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். இப்போது அடிவாரத்து மண்டபத்தில், தூணில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்.

அவள் தம்பி நாச்சிமுத்து துண்டை நனைத்துப் பிழிந்தான். இத்தனை வருஷமும் அவரோடு ஏறியவன். இன்று அவளைக் கூட்டி வந்திருக்கிறான்.

"மாமன் உட்கார்ற கல்லு அதுதானுங்க்கா," என்று சுனையோரம் கிடந்த ஒரு கல்லைக் காட்டினான். "நாங்க மேல போயிட்டு வர்ற வரைக்கும் அங்கதான் இருப்பாரு."

அவளுக்கு விளங்கவில்லை.

"ஏன், அவரு மேல வர மாட்டாரா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிழிந்த துண்டையே மறுபடியும் பிழிந்தான்.

"ஒரு வருஷங்கூட வந்ததில்லீங்க்கா. 'உங்கக்காளுக்கு வயசாகட்டும்டா, ரெண்டு பேரும் சேந்தே பாத்துக்கறோம்'ம்பாரு. வாசல் வரைக்கும் வந்துட்டு ஊட்டுக்குள்ள வராத விருந்தாளி நீங்கதான் மாமான்னு நாங்க கேலி பண்ணுவோம். சிரிச்சுக்குவாரு. எறங்கறப்ப மட்டும் மேகம் எப்படி இருந்துச்சு, சாமிக்கு என்ன பூ வெச்சிருந்தாங்கன்னு ஒண்ணு விடாமக் கேட்டுக்குவாரு."

அவள் அந்தக் கல்லைப் பார்த்தாள்.

எல்லாக் கல்லையும் போல ஒரு கல்.

போய் உட்கார்ந்தாள். உச்சி முதுகுப் பக்கம் போய்விட்டது. கண்ணுக்கு எட்டியவரை கீழே சமவெளிதான்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், "எனக்காக நிக்காதீங்க, போய்ப் பாத்துட்டு வாங்க" என்று விரட்டியிருப்பாள். அது அவருக்குத் தெரியும்.

அதனால்தான் சொல்லவில்லை.

அவர் பார்க்காததை அவள் மட்டும் பார்ப்பதா? பார்க்காமலே இறங்கிப் போய் அவர் முகத்தில் விழிப்பதா?

"திரும்பிடலாமுங்களா அக்கா?"

காற்று சேலையை இழுத்தது. முந்தானையை இடுப்பில் செருகினாள். மூங்கில் தடியை ஊன்றி எழுந்தாள்.

திரும்பி, ஏழாவது மலையில் கால் வைத்தாள்.

பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். மூச்சு வாங்குகிறது என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டான்.

"வெரசா வாங்க்கா, காத்து ஏறுது."

அவள் அவசரப்படவில்லை. புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். பாறை இடுக்கில் ஒரு ஊதாப்பூ. அதன் நடுவில் மஞ்சள் பொட்டு.

வழியில் இருந்த ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்துக்கொண்டே ஏறினாள்.